தயிர்ச்சட்டியை எறியாதேங்கோ: வன்னிக் கோடைக்கு வளவு வேலையும் லேசான சாப்பாடும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் புதுசா காணி எடுத்தோ, இல்லாட்டி கனகாலத்துக்குப் பிறகு சொந்தக் காணிக்கே திரும்பி வந்தோ இருக்கிற ஆக்கள் என்னட்டக் கேக்கிறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "அக்கா, சித்திரையோட வளவெல்லாம் கருகிப்போகுது, இதுக்க என்னத்த வைக்கிறது, இந்த வெக்கையில என்னத்த சமைக்கிறது" எண்டு. ரெண்டுக்கும் நான் சொல்லுறது ஒண்டுதான், கடைக்குப் போறதுக்கு முதல் உங்கட வளவை ஒருக்கா சுத்திப் பாருங்கோ. விழுந்து கிடக்கிற தென்னோலை, குசினிக்குப் பின்னால குவிஞ்சு கிடக்கிற சிரட்டை, சாப்பிட்டு முடிச்ச தயிர்ச்சட்டி, வேம்புக்குக் கீழ கொட்டுண்டு கிடக்கிற பூ, இவ்வளவும் இருந்தா இந்தக் கோடையைச் சமாளிக்கலாம்.

முதல்ல எங்கட காலநிலையை விளங்கிக்கொள்ளுங்கோ. எங்களுக்கு மழை ஐப்பசியில தொடங்கி மார்கழி, தை மட்டும்தான், அதுக்குப் பிறகு விழுறது எல்லாம் தூறல் கணக்குத்தான். ஏப்ரல் நடுப்பகுதியில சூரியன் எங்கட தலைக்கு நேர மேல நிக்கும், வைகாசியில வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வாற நேரம் வெயில் உச்சத்தில, அதோட தென்மேற்கால வீசுற சோளகக் காத்தும் எழும்பினா வெயில் விட்டு வைச்ச ஈரத்தையும் காத்து உறிஞ்சிப்போடும். ஆகஸ்ட் கடைசியில சூரியன் திரும்ப ஒருக்கா எங்கட தலைக்கு மேலால போகும். கிணத்துத் தண்ணி ஒவ்வொரு கிழமையும் ஒரு முழம் இறங்கிறதைப் பாத்துக்கொண்டு பைப்பைத் திறந்து செடியளுக்குப் பீச்சுறது எனக்கு மனசு கேக்கிறேல்ல. அதால கோடையில ரெண்டே ரெண்டு ஒழுங்கு வைச்சிருக்கிறன், தண்ணி வேருக்கு மட்டும் போகவேணும், அடுப்பு காலமை ஒம்பது மணிக்கு முதல் அணையவேணும். கீழ சொல்லுறது எல்லாம் இந்த ரெண்டுக்காகவும்தான்.

மண்வெட்டி எடுக்க முதல் ஒண்டு. உங்கட காணி கனகாலம் ஆக்கள் இல்லாமக் கிடந்த காணியெண்டா, மிதிவெடி அகற்றின காணியெண்டு உறுதியாத் தெரிஞ்சாப் பிறகுதான் கிண்டுங்கோ. கிண்டேக்க துருப்பிடிச்ச இரும்போ, பச்சை நிறப் பிளாஸ்ரிக் மாதிரி ஏதும் உருண்டையோ தெரிஞ்சா தொடாதேங்கோ, தட்டிப் பாக்காதேங்கோ, வந்த வழியாலயே திரும்பி வந்து அந்த இடத்துக்கு ஆக்கள் போகாமப் பாத்துக்கொண்டு 119க்கு அடிச்சுச் சொல்லுங்கோ. சின்னப் பிள்ளையளுக்கும் இதைச் சொல்லி வையுங்கோ. சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் எண்டு நினைக்கவேண்டாம், எனக்கு இது எப்பவும் முதல் விஷயம்தான்.

முட்டி புதைக்கிறது

செடியின்ர வேருக்குத் தண்ணி குடுக்க, புதுசா வாற ஆக்களுக்கு நான் முதல் செய்யச் சொல்லுறது இதைத்தான். சுட்ட மண்முட்டி ஒண்டு, வாய் ஒடுக்கமா வயிறு பெருத்ததா, அஞ்சு லீற்றர் பிடிக்கிற அளவில சந்தையில வாங்குங்கோ. பெயிண்ட் அடிச்சது, மினுமினுக்கிற பூச்சுப் பூசினது ஒண்டும் சரிவராது, ஏனெண்டா எங்களுக்கு வேண்டியது அந்த மண்ணில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓட்டையள்தான், அதுக்கால தண்ணி மெல்ல மெல்லக் கசிஞ்சு வெளியில வரவேணும். வீட்ட கொண்டுவந்து தண்ணி நிரப்பி ஒரு இரவு வைச்சுப் பாருங்கோ, விடிய முட்டியின்ர வெளிப்பக்கம் வேர்த்த மாதிரி ஈரமா இருந்தா நல்ல முட்டி. ஒழுகி நிலத்தில குளமா நிண்டா வெடிச்ச முட்டி, காஞ்சுபோய் இருந்தா அது வேலைக்காகாது.

முட்டியை விட ஒரு சாண் அகலமாக் கிடங்கு வெட்டுங்கோ, அடியில உக்கின மாட்டெருவும் சருகும் ஒரு கடகம் போட்டு மண்ணோட பிரட்டுங்கோ. முட்டியை நடுவில வைச்சு கழுத்து மட்டும் மண்ணுக்கு மேல தெரியிற மாதிரி புதைச்சு, சுத்திவர மண்ணைக் கையால அமத்துங்கோ, இடையில காத்து நிண்டா ஈரம் அந்தப் பக்கம் போகாது. பிறகு தண்ணி நிரப்பி, வாயைச் சிரட்டையாலயோ உடைஞ்ச ஓட்டுத்துண்டாலயோ மூடுங்கோ. மூடாம விட்டா நுளம்பு முட்டையிடும், தண்ணியும் ஆவியாப் போயிடும், பல்லி ஓணான் விழுந்து சாகும். சுத்திவர ஒரு சாண் தள்ளி நாலு மிளகாய்க் கண்டோ, ரெண்டு கத்தரியோ, ஒரு பூசணியோ வையுங்கோ. கண்டு சின்னனா இருக்கேக்க முதல் ரெண்டு கிழமையும் மேலாலயும் கொஞ்சம் தண்ணி விடவேணும், வேர் முட்டியடிக்குப் போய்ச் சேந்தாப் பிறகு முட்டியை நிரப்பினாலே காணும். எங்கட பக்கத்தில ரெண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கா நிரப்புறம்.

மண்ணைப் பாத்து வையுங்கோ எண்டுறதையும் சொல்லவேணும். முல்லைத்தீவுக் கரையோரம் மணல், அங்க ஈரம் பக்கவாட்டில பரவாது, நேர கீழதான் இறங்கும், அதால கண்டை முட்டிக்குக் கிட்ட, நாலு விரல் தள்ளி வையுங்கோ. விசுவமடுப் பக்கம் மாதிரிச் சிவந்த மண்ணெண்டா ஒரு அடி தள்ளியும் வைக்கலாம். நான் முதல் முறை இது தெரியாம மணல் காணியில ஒரு அடி தள்ளி வைச்சு நாலு கண்டும் வாடினாப் பிறகுதான் கிண்டிப் பாத்தன், முட்டியைச் சுத்தி நல்ல ஈரம், கண்டின்ர வேரடி மட்டும் பொருபொருவெண்டு காஞ்ச மண்.

சவர்த் தண்ணி, கல்லுத் தண்ணி இருக்கிற கிணறெண்டா ஒரு வருஷத்துக்குள்ள முட்டியின்ர உள்பக்கம் வெள்ளையாப் படிஞ்சு ஓட்டையள் அடைபடும். அப்ப எடுத்து வினாகிரியோ கெட்டிப் புளித்தண்ணியோ விட்டு ஊறவைச்சு தேங்காய்ப் பொச்சால உரஞ்சினா திரும்பப் பாவிக்கலாம்.

சரி, தயிர்ச்சட்டிக்கு வாறன். எருமைத் தயிர் வன்னியில நல்ல தடிப்பா, கத்தியால வெட்டி எடுக்கிற மாதிரிக் கிடைக்கும், அதோட வாற சட்டியைக் கனபேர் குப்பையில எறியினம், எனக்கு அதைப் பாக்கவே ஏலாது. வாய் அகலமெண்டதால புதைக்கிறதுக்குச் சரிவராது, ஆனா சாம்பல் போட்டு உரஞ்சிக் கொழுப்பை எடுத்திட்டு வேப்பமரத்துக் கவட்டில வைச்சுத் தண்ணி விட்டா புலுனிக் குருவி, மைனா, செண்பகம், அணில் எல்லாம் வரும். மத்தியானம் பன்ரெண்டு மணிக்கு ஒரு புலுனிக்கூட்டம் வந்து சட்டி விளிம்பில வரிசையா இருந்து ஒவ்வொண்டா இறங்கிக் குளிக்கிறதைப் பாத்தீங்களெண்டா நீங்களே அடுத்த சட்டியையும் எடுத்து வைப்பீங்கள். ஒரேயொரு கட்டுப்பாடு, ரெண்டு நாளுக்கு ஒருக்கா தண்ணியை ஊத்திப்போட்டு உள்பக்கத்தை உரஞ்சிக் கழுவிப் புதுத்தண்ணி விடுங்கோ. டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஒரு கிழமை பத்து நாள் காணும், முட்டை சட்டி விளிம்பில ஒட்டிக்கொண்டு இருக்கும், அதால வெறுமன ஊத்தினாப் போதாது.

சிரட்டை நாத்துச்சட்டி

சிரட்டையில ரெண்டு பாதி, கண் இருக்கிற பாதி, கண் இல்லாத பாதி. கண் இருக்கிற பாதியை எடுங்கோ, மூண்டு கண்ணில ஒண்டு மெத்தெண்டு இருக்கும், ஒரு ஆணியால குத்தினா உடன திறந்திடும், தண்ணி வடியிறதுக்கு அது காணும், துளையிடுற மெஷின் ஒண்டும் தேவையில்ல. கண் இல்லாத பாதியெண்டா ஆணியை அடுப்புத் தணல்ல சிவக்கக் காய்ச்சி, குறட்டால பிடிச்சு அழுத்துங்கோ, புகையோட இறங்கும். ஓட்டை இல்லாத சிரட்டையை வளவில மல்லாத்தி விடாதேங்கோ, மழை பெய்தா அதுதான் நுளம்புத் தொட்டில்.

நாத்துக்கு மட்டுமெண்டா இப்பிடியே மண் நிரப்பி மிளகாய், தக்காளி விதை போடலாம். வாசலில தொங்கவிட ஆசையெண்டா வெளிப்பக்கத் தும்பைக் கத்தியால சுரண்டி, உடைஞ்ச கண்ணாடித் துண்டால ஒரே பக்கமா வழிச்சு வழிச்சு எடுங்கோ, கைக்குத் துணி சுத்திக்கொண்டு செய்யுங்கோ. ஒரு அரை மணித்தியாலத்தில கறுப்பு மினுக்கம் வரும், பிறகு அரத்தாளால தேய்ச்சு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினா கடையில வாங்கின சாமான் மாதிரி இருக்கும். விளிம்பில மூண்டு ஓட்டை போட்டு சணல் கயிறு கோத்துக் கட்டுங்கோ. வல்லாரையும் புதினாவும் இதுக்க நல்லா வரும், ஆனா சின்னச் சிரட்டையெண்டதால கெதியாக் காஞ்சுபோகும், குசினி யன்னலுக்குக் கிட்டத் தொங்கவிட்டா அரிசி கழுவுற தண்ணியை நேரயே விட்டிடலாம்.

குரங்குக்குக் கிட்டத் தொங்கவிடாதேங்கோ, பிடுங்கிப் பிச்சுப்போடும். மயிலும் அப்பிடித்தான், முளைச்சு ரெண்டு இலை வந்த உடன கொத்திக்கொண்டு போகும். நாத்துக்கு மேல நல்ல முள்ளுக்கொப்பா வெட்டிக் கவிட்டு வைச்சா மயில் கிட்ட வராது, குரங்குக்கு இதுவரைக்கும் நான் கண்ட ஒரே மருந்து நாய்தான்.

கிடுகு, ஒரு பந்தலுக்கு

இப்ப கடைகள்ள பச்சை நிற நிழல் வலை விக்குது, வாங்குங்கோ, பிழையில்ல. ஆனா வளவில தென்னை நிக்குதெண்டா அந்த ஓலையில கிடுகு பின்னப் பழகுங்கோ, கிடுகுக்குக் கீழ வாற குளிர்ச்சி வலைக்குக் கீழ இல்லை. எனக்குப் பழக்கினது பக்கத்து வளவு ஆச்சி, எண்பது வயசு, ஓலைக்கு மேல ஏறிக் குந்தியிருந்து கதைச்சுக்கொண்டே பின்னுவா, கை தன்ர பாட்டில போகும்.

விழுந்து ரெண்டு மூண்டு நாளான ஓலை எடுங்கோ, நொறுங்கிற அளவுக்குக் காஞ்சது வேண்டாம். நுனிப்பக்கத்தில இருந்து நடுமட்டையைக் கத்தியால பிளந்து ரெண்டாக்குங்கோ, இப்ப உங்களிட்ட ஒரு பக்கம் மட்டை, மறுபக்கம் ஓலை தொங்குற மாதிரி ரெண்டு பாதி இருக்கும். ரெண்டு மூண்டு நாள் ஊறவேணும். கோடையில இதுக்கெண்டு தண்ணி அள்ள வேண்டாம், நீங்கள் குளிக்கிற தண்ணி ஓடுற இடத்தில அடுக்கி மேல ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டா ஊறிடும். எடுக்கேக்க சாக்கை முதல்ல தடியால தூக்கிப் பாருங்கோ, குளிர்ச்சியெண்டு புடையன் பாம்பு வந்து படுத்திருக்கும், வெறுங்கையை உள்ளுக்க விடாதேங்கோ.

பின்னுறது இப்பிடி. மட்டை உங்கட பக்கமா இருக்க நிலத்தில போட்டு ஒரு காலால அமத்திப் பிடியுங்கோ. முதல் ஓலையை விட்டிட்டு ரெண்டாவதை மடிச்சுத் திருப்பி, அடுத்தடுத்த ஓலையளுக்கு ஒண்டுக்கு மேலால ஒண்டுக்குக் கீழால கொண்டுபோங்கோ, பிறகு நாலாவதை அதே மாதிரித் திருப்புங்கோ, ஒண்டு விட்டு ஒண்டுதான் திரும்பவேணும். ஒவ்வொரு ஓலையையும் இழுத்து மட்டைப்பக்கம் நெருக்கி விடுங்கோ, "ஒரு விரல் போற இடைவெளி விட்டா அது கிடுகில்லப் பிள்ளை, சல்லடை" எண்டு ஆச்சி சொல்லுவா. கடைசி விளிம்பில நுனியளை ரெண்டு ரெண்டாச் சேத்து முடிஞ்சு விடுங்கோ. முதல் கிடுகு கோணலாத்தான் வரும், அதைக் கோழிக்கூட்டுக்கு மேல போடுங்கோ, மூண்டாவது நேராகும்.

நாலு கப்புக்கால் நட்டு, தலை இடிக்காத உயரத்தில தடி போட்டு, கிடுகை ஒண்டுக்கு மேல ஒண்டு அரைவாசி மூடுற மாதிரி வைச்சுக் கட்டுங்கோ. மேற்குப் பக்கமா ஒரு கிடுகைத் தொங்கவும் விடுங்கோ, பின்னேர வெயில்தான் நாத்தைக் கொல்லுறது. சோளகத்துக்கு ஈடுகுடுக்க மேலால ரெண்டு தடி வைச்சு அமத்திக் கட்டவேணும், இல்லாட்டி விடிய உங்கட பந்தல் பக்கத்து வளவில கிடக்கும். இந்தப் பந்தலுக்குக் கீழயே ஒரு வாங்கு போட்டு மத்தியானம் இருந்து சாப்பிடலாம், நாங்கள் அப்பிடித்தான்.

இனிச் சாப்பாடு

ஒம்பது மணிக்கு முதல் அடுப்பு அணையவேணும் எண்டா முதல் நாள் இரவே யோசிக்கவேணும், அதுக்குப் பழஞ்சோத்தை விட்டா வேற ஒண்டும் இல்லை. இரவு மிஞ்சின சிவப்பரிசிச் சோறு, மொட்டைக்கறுப்பன் நெல்லரிசி கிடைச்சா இன்னும் விசேஷம், சூடு நல்லா ஆறின உடன மண்சட்டியில போட்டு, கொதிச்சு ஆறின தண்ணி சோத்துக்கு மேல ரெண்டு விரல் நிக்க விடுங்கோ. கனநேரம் வெளியில வைச்சிட்டுப் பிறகு தண்ணி விடுறது கூடாது. மெல்லிய துணியால மூடிக் குளிர்ச்சியான மூலையில வையுங்கோ. விடிய லேசான புளிச்ச மணம் வரும், அதுதான் பதம். நூல் மாதிரி இழுபட்டாலோ கெட்ட நாத்தம் அடிச்சாலோ யோசிக்காமக் கோழிக்குக்கூடப் போடாம ஊத்திவிடுங்கோ. கையால பிசைஞ்சு, சின்ன வெங்காயம் நாலஞ்சு நசுக்கி, பச்சை மிளகாய் ரெண்டு கிள்ளி, உப்பு, ஒரு அகப்பை எருமைத் தயிர், கடைசியாத் தேசிக்காய்ப் புளி. பழைய மீன்குழம்பு இருந்தா தேவாமிர்தம், ஆனா அதை இரவும் விடியவும் கொதிக்க வைச்சிருக்கவேணும். பத்து மணிக்கு முதல் சாப்பிட்டு முடியுங்கோ, மத்தியானத்துக்கு வைக்கவேண்டாம், கைக்குழந்தையளுக்கும் வருத்தக்காரருக்கும் இது வேண்டாம்.

மத்தியானத்துக்கு சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல். காலமைச் சமையல் முடிய அடுப்பில தணல் கிடக்கும்தானே, அதை வீணாக்காமப் பெரிய கத்தரிக்காய் ரெண்டை நல்லாக் கீறிப் பூச்சி இருக்கோ எண்டு பாத்து, எண்ணெய் தடவித் தணலுக்க புதையுங்கோ. காஸ் அடுப்பெண்டா நேர நெருப்பிலயே வைச்சுத் திருப்பித் திருப்பிச் சுடலாம். பத்துப் பதினைஞ்சு நிமிஷத்தில தோல் கருகி, உள்ளுக்க இருக்கிற தண்ணி சீறி, காய் சோந்துபோய்ப் படுக்கும். ஆறவிட்டுத் தோலை உரிச்சு, கையால மசிச்சு, வெட்டின சின்ன வெங்காயம் ஒரு பிடி, பச்சை மிளகாய் மூண்டு, உப்பு, கெட்டியான முதல்பால் அரைக் கோப்பை விட்டுக் கலக்கி, பரிமாறேக்கதான் தேசிக்காய் பிழியுங்கோ. பால் காய்ச்சாத பால், அதால செய்த வேளையோட முடிக்கவேணும். இந்தப் புகை மணத்துக்கு ஒரு சுண்டு அரிசிச்சோறு காணாமப் போகும்.

வெள்ளரிப்பழம் வாற காலத்தில றோட்டுக்கரையில குவிச்சு வைச்சு விப்பினம், பழுத்துத் தானா வெடிச்சதா எடுங்கோ. தோலை உரிச்சு, கொட்டையை வழிச்சிட்டு, பனங்கட்டியைத் தூளாக்கிப் போட்டுக் கரண்டியால மசிச்சா சரி, இதுக்கு அடுப்பும் இல்லை சட்டியும் இல்லை. நுங்கும் இதே காலம்தான். பாலைப்பழமும் வரும், காட்டோரம் இருக்கிற ஆக்கள் பேணிக்கணக்கில விப்பினம், அதின்ர பால் சொண்டில ஒட்டும், புதுசாச் சாப்பிடுறவை பயப்படாதேங்கோ, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினா போயிடும்.

பின்னேரத்துக்கு மோர். தயிர் ஒரு கோப்பைக்கு தண்ணி மூண்டு கோப்பை, நசுக்கின இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், உப்பு, மத்தால கடைஞ்சு மண்முட்டியில வைச்சா ஐஸ் தேவையில்ல. வேர்வையில போற உப்பும் தண்ணியும் இதால திரும்பி வரும், வயல்வேலைக்குப் போறவைக்குக் கட்டாயம் குடுத்துவிடுங்கோ.

வேப்பம்பூ வடகம்

வெயில் இவ்வளவு எரிக்கேக்க அதுவும் ஒரு அடுப்புத்தான். பங்குனி சித்திரையில வேம்பு பூக்கும், விடியப் பழைய சீலையை மரத்துக்குக் கீழ விரிச்சு விடுங்கோ, பின்னேரம் வெள்ளையாக் கொட்டுண்டு கிடக்கும். காம்பு குப்பை பாத்து எடுத்து ரெண்டு நாள் காயவிடுங்கோ. உழுந்து ஒரு கோப்பை நாலு மணித்தியாலம் ஊறவைச்சுத் தண்ணி கூடாமக் கெட்டியா அரைச்சு, காஞ்ச பூ ரெண்டு கோப்பை, இடிச்ச செத்தல் மிளகாய் ஒரு பத்துப் பன்ரெண்டு, சின்ன வெங்காயம் வெட்டினது, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு எல்லாம் சேத்துப் பிசையுங்கோ. கையில எண்ணெய் பூசிக்கொண்டு சின்னச் சின்ன வடை மாதிரித் தட்டிப் பனையோலைப் பாயிலயோ சுளகிலயோ பரவுங்கோ. மூண்டு நாலு நாள், ரெண்டு பக்கமும் திருப்பிக் காயவேணும், உடைச்சா டொக்கெண்டு சத்தம் வரவேணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்குது. காத்துப் போகாத போத்தல்ல போட்டா மாரி வரைக்கும் இருக்கும், சோத்தோட நாலு வடகம் பொரிச்சா அண்டைக்குக் கறி ஒண்டு குறையும்.

முறிகண்டிப் பிள்ளையாரடியால போறனீங்களெண்டா கோயிலடியில கச்சான் (நிலக்கடலை) ஒரு பை வாங்கி வையுங்கோ, மோர் குடிச்சுக்கொண்டு சாப்பிட நல்லம்.

ஐப்பசியில முதல் பெருமழை பெய்த உடன முட்டியளைக் கிண்டி எடுத்துக் கழுவிக் கொட்டிலுக்க கவிட்டு வையுங்கோ. பறவைச்சட்டியையும் இறக்குங்கோ. பந்தல் கிடுகை அவிட்டுத் தென்னைக்கு அடியில போட்டா உக்கிப் பசளையாகும். வேலிக்குக் கிளுவைக் கதியால், அதாவது நட்டா முளைக்கிற கொப்பு, போடுறதெண்டா இப்ப வெட்டி நட்டு வீணாக்காம அந்த மழையைப் பாத்துக்கொண்டு நிண்டு நடுங்கோ, ஒரு முழம் ஆழம், சாய்வு வெட்டுக் கீழ இருக்கவேணும்.